தேயிலை மலையில் இரண்டு நாள்

(பொன்விழா ஆண்டுக் குடும்பச் சுற்றுலாவின் இரண்டாம் நாள் இரவு, தானா ராத்தாவில், சுற்றுலாக் குழுவினர் சார்பில் ஆற்றிய உரை)





எல்லாரும் பசியாறிவிட்டீர்கள் என்று நினைக்கிறோம். இரண்டு பஸ்ஸில் வந்தோம். எல்லாரும் எல்லா இடத்துக்கும் போகவில்லை. சிலர் ஸ்ட்ராபெரி தோட்டத்தோடு நின்றுவிட்டீர்கள். முழங்கால் வலிக்காரர்கள் அறையை விட்டே வரவில்லை. அதனால் பார்த்தவற்றைப் பாராதவர்களுக்குச் சொல்லுங்கள் என்று தலைவர் பணித்திருக்கிறார். சுற்றுலாக் குழுவில் நாங்கள் ஐந்து பேர். ஐந்து பேர் பார்த்ததையும் ஒரே பேச்சாகச் சொல்கிறோம், இங்கொன்றும் அங்கொன்றுமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு வழக்கைத் தீர்த்துவிடுகிறோம். சிம்பாங் பூலாய் வழியாக அகலமான புதுச்சாலை இருக்கும்போது, தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் பழைய சாலையில் ஏன் கூட்டிவந்தீர்கள், பாதிப் பிள்ளைகள் வாந்தி எடுத்துவிட்டார்களே என்று தாய்மார்கள் கோபப்பட்டார்கள். கோபம் நியாயமானது. ஆனால் அந்தச் சாலையில்தான் போகவேண்டும் என்று ஒருவர் கேட்டுக்கொண்டார். அவர் நம் மூத்த குடும்பம் ஒன்றின் நன்னி. முன்வரிசையில் போர்வை போர்த்தி உட்கார்ந்திருக்கிறார். பெயர் சொல்லிப் பேசாதீர்கள் என்று கட்டளை போட்டிருக்கிறார். நன்னி என்றே சொல்கிறோம். அவர் ஏன் கேட்டார் என்பதுதான் இந்தப் பேச்சின் பெரும்பகுதி.

தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். 1930-களின் தொடக்கத்தில் திறக்கப்பட்ட சாலை. லாத்தா இஸ்கந்தார் அருவியில் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டீர்கள். அதற்கு மேலே சாலையோரம் பலகைக் கொட்டகை போட்டு, மூங்கில் குருத்தும் பெத்தாயும் தேனும் விற்ற செமாய் மக்களைப் பார்த்தீர்கள். எந்தத் துரையும் வருவதற்கு முன்பே இந்த மலை அவர்களுடையதாக இருந்தது. 1885-இல் வில்லியம் கேமரன் என்ற அரசாங்க நில அளவையாளர் இந்தப் பக்கம் வந்தார். மலை உச்சியில் சமமான நிலம் இருப்பதாக எழுதிவைத்தார். மலைக்கு அவர் பெயர் வந்துவிட்டது. அவருடன் வந்த மலாய்க்காரர் கூலோப் ரியாவ். அவர் பெயரை எங்கள் குழுவில் ஒருவர் மட்டும்தான் கேள்விப்பட்டிருந்தார், அதுவும் பயணத்துக்காகப் படித்தபோது.

ரிங்லெட் தாண்டி ஏரியைப் பார்த்தீர்களே, அது இயற்கை ஏரி இல்லை. 1960-களில் மின்சாரத்துக்காகக் கட்டிய சுல்தான் அபு பக்கார் அணையின் நீர். மேலே காய்கறித் தோட்டங்களிலிருந்து மண் கரைந்து வந்து அதில் சேர்கிறது. 2013 அக்டோபரில் கனமழையில் அணைநீரைத் திறந்துவிட்டபோது கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்கள் போயின. மலை முழுதும் வெள்ளை வெள்ளையாகப் பிளாஸ்டிக் கூரை தெரிகிறதே, பனியா என்று ஒரு பிள்ளை கேட்டது. முட்டைக்கோசுக்கும் தக்காளிக்கும் போட்ட கூரை அது.

போன வருடம் நம் உறுப்பினர் ஒருவரின் மகள் இங்கிலாந்தில் படிப்பு முடித்து வந்தார். அவரும் இந்தப் பயணத்தில் இருக்கிறார். தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்குக்கும் நடுவில், கோல்ஃப் திடலுக்கு எதிரே இருக்கும் ஸ்மோக்ஹவுஸ் விடுதி முன்னால் பஸ் நின்றதும் அவர் சிரித்துவிட்டார். வெள்ளைச் சுவரில் கறுப்புக் கட்டைகள், செங்கல் புகைபோக்கி, ரோஜாச் செடி, வாசலில் சிவப்புத் தொலைபேசிக் கூண்டு. 1937-இல் கட்டியது. வெயிலில் வாடிய வெள்ளைக்காரர்கள் ஊர் நினைப்பு வந்தால் இங்கே ஏறிவந்து, கணப்பு மூட்டி, போர்வைக்குள் உட்கார்ந்து, இங்கிலாந்தில் இருப்பதாக நினைத்துக்கொள்வார்களாம்.

அந்தப் பெண் எங்களுக்கு விளக்கினார். யார்க் நகரில் ஷாம்பிள்ஸ் என்று ஒரு குறுகலான தெரு. பழைய கசாப்புக் கடைத்தெரு. மாடிகள் தெருவின் மேல் முன்னே நீட்டிக்கொண்டு, இரண்டு பக்கத்து வீடுகளும் தலையோடு தலை முட்டுவதுபோல் நிற்குமாம். இறைச்சி தொங்கவிட்ட கொக்கிகள் இன்னும் சில கடைகளில் இருக்கின்றனவாம். அங்கே கறுப்புக் கட்டைதான் வீட்டின் எலும்பு. அதை எடுத்தால் வீடு விழும். செஸ்டர் நகரில் முதல் மாடி உயரத்தில் கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதை ஓடுகிறதாம். "நம்ம ஊர் அஞ்சடியைத் தூக்கி மாடியில வச்ச மாதிரி" என்றார். அந்த நடைபாதைகள் பல நூறு ஆண்டுப் பழமை. ஆனால் அங்கே நிற்கும் கறுப்பு வெள்ளைக் கட்டடங்களில் பல 19-ஆம் நூற்றாண்டில் பழைய பாணியில் கட்டியவையாம். அப்படியானால் வெள்ளைக்காரர்கள் ஊரில் பழையதைப் போலச் செய்தார்கள், மலையில் அதைப் போல மறுபடி செய்தார்கள். நகலுக்கு நகல். நம் இறைச்சிக்கடை மாமாவுக்கு ஷாம்பிள்ஸ் தெருவைப் பார்க்க ஆசை வந்துவிட்டது. அடுத்த சுற்றுலா அங்கேதான் என்கிறார். பொருளாளர் வாயைத் திறக்கவில்லை.

சிரித்தோம் என்றாலும் எங்களுக்கு அந்த விடுதியைக் கேலி செய்ய மனம் வரவில்லை. பிறந்த ஊரை நினைத்து வீடு கட்டுவது எல்லாருக்கும் உள்ளதுதான். நம் பெரியவர்கள் பினாங்கில் கட்டிய கடைகளையும் பள்ளிகளையும் பார்த்தவர்களுக்கு இது தெரியும். கட்டுவதற்குக் காசும் நிலமும் யாரிடம் இருந்தன என்பதுதான் வேறுபாடு.

அன்று மாலை மூன்லைட் பங்களா இருக்கும் பக்கம் போனோம். உள்ளே போகவில்லை, தூரத்திலிருந்துதான் காட்டினார்கள். ஜிம் தாம்சன் கதை உங்களில் பலருக்குத் தெரியும். தாய்லாந்துப் பட்டை உலகச் சந்தைக்குக் கொண்டுபோன அமெரிக்கர். 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு. விடுமுறைக்கு வந்து இந்தப் பங்களாவில் தங்கியிருந்தவர், மற்றவர்கள் மதியம் ஓய்வெடுக்கும்போது வெளியே நடந்துபோனார். அவ்வளவுதான். அவருக்கு வயது 61. போலீஸ், பழங்குடியினர், போமோக்கள் என்று நூற்றுக்கணக்கானோர் காட்டைச் சல்லடையாகச் சலித்தார்கள். ஒரு சட்டைத் துணிகூடக் கிடைக்கவில்லை. இன்றுவரை புத்தகம் எழுதுகிறார்கள், படம் எடுக்கிறார்கள்.

இதை வழிகாட்டி மலாயில் சொல்ல, நாங்கள் தமிழில் சொல்ல, கேட்டுக்கொண்டே வந்த நன்னி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அவரும் துணி வியாபாரியா?"

எங்களுக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

நன்னியின் அத்தாவும் துணி வியாபாரிதான். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து யுத்தத்துக்கு முன்பே மலாயாவுக்கு வந்தவர். தாப்பாவில் ஒரு கடையில் சரக்கு எடுத்து, இரண்டு மூட்டையாகக் கட்டி, லாரியில் மலையேறி, தோட்டம் தோட்டமாக நடந்து விற்றவர். ஜப்பான்காரன் காலத்தைத் தாண்டினார். ஊருக்குப் போய் வந்தார். நன்னி பிறந்தார். மறுபடி கப்பல் ஏறினார். அவசரகாலத்தில், நன்னிக்கு ஆறோ ஏழோ வயதிருக்கும், ஊருக்குத் தந்தி போனது. மலையில் காய்ச்சல், மௌத், அங்கேயே அடக்கம். சில மாதம் கழித்து ஒரு தகரப்பெட்டியை யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள். அதில் இரண்டு சட்டை, ஒரு தொப்பி, ஒரு கணக்கு நோட்டு. நன்னி பிறகு கல்யாணமாகி ரஜூலா கப்பலில் இந்த நாட்டுக்கு வந்தார். மலைக்கு வரவில்லை. முதலில் வறுமை, பிறகு பிள்ளைகள், பிறகு கடை, பிறகு முழங்கால். மலை மூன்று மணி நேரப் பயணத்தில் இருந்தது. அறுபது வருடம் போய்விட்டது.

அத்தா ஏறின சாலையில் ஏறவேண்டும், அத்தாவின் கபுர் பக்கம் ஒருமுறை நிற்கவேண்டும். இதுதான் நன்னி கேட்டது. வாந்தி எடுத்த பிள்ளைகளின் தாய்மார்கள் எங்களை இப்போது மன்னிப்பீர்கள் என்று நம்புகிறோம்.

இன்று காலை உங்களைச் சுங்கை பாலாஸ் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டு, எங்களில் மூவர் நன்னியோடு புறப்பட்டோம். மலையில் உள்ள பழைய மையவாடிக்குப் போனோம். பெண்கள் உள்ளே வரலாமா என்று எங்களுக்குள்ளேயே ஒரு பேச்சு வந்தது. ஒருவர் கூடாது என்றார், ஒருவர் தடையில்லை என்றார். நன்னி எங்கள் வாதத்தைக் கேட்கவே இல்லை. "நான் வேலிக்கு வெளியே நிக்கிறேன், நீங்க போய்ப் பாருங்க" என்று சொல்லிவிட்டுக் குடையை ஊன்றி நின்றுவிட்டார்.

உள்ளே போய்ப் பார்த்தோம். புதிய கபுர்களில் பெயரும் தேதியும் இருக்கின்றன. பழைய வரிசைகளில் தலைமாட்டில் ஒரு கல், கால்மாட்டில் ஒரு கல், அவ்வளவே. சில ஆற்றுக் கற்கள். மீசான் கல் வாங்க அன்றைக்கு யாரிடம் காசு இருந்தது? எழுத்து இருந்த ஒன்றிரண்டும் பாசி ஏறிப் படிக்க முடியவில்லை. விரலால் தடவிப் பார்த்தோம். பராமரிக்கும் பெரியவர் நல்ல மனிதர். "இந்தப் பக்கம் பழையது, இந்தியாவிலிருந்து வந்தவர்களும் இருக்கிறார்கள் என்று என் தகப்பனார் சொல்வார்" என்று ஒரு சரிவைக் காட்டினார். இருபது இருபத்தைந்து கபுர் இருக்கும். எது யாருடையது என்று அவருக்கும் தெரியாது.

திரும்பி வந்து உண்மையைச் சொன்னோம். நன்னி கொஞ்ச நேரம் அந்தச் சரிவையே பார்த்தார். பிறகு வேலிக்கு வெளியே நின்றபடியே அத்தனை பேருக்கும் சேர்த்து ஸலாம் சொன்னார். துஆ ஓதினார். "இதுல ஒருத்தர் எங்கத்தா. மத்தவங்களுக்கும் புள்ளைங்க இருந்திருக்கும்ல" என்றார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தோம். வரும் வழியில் ஒரு தோட்டத்து லயத்தைக் கண்டதும் வண்டியை நிறுத்தச் சொன்னார்.

இந்த இடத்தில் தோட்டங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். போ தேயிலை நிறுவனத்தை ஜே.ஏ. ரஸ்ஸல் தொடங்கியது 1929. உலகமே பொருளாதார மந்தத்தில் விழுந்த வருடம். காட்டை வெட்டிச் சரிவில் செடி நட்டவர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள். 1938-இல் இந்திய அரசு தொழிலாளர்களை அப்படி அனுப்புவதை நிறுத்தியது. வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இங்கேயே நின்றார்கள். தோட்டத்துக்குள் கோயில் கட்டினார்கள், தமிழ்ப்பள்ளி நடத்தினார்கள். இன்று கொழுந்து எடுப்பவர்களில் அதிகம் பேர் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் இந்தோனேசியரும். நாம் படத்தில் பார்க்கும் கூடை சுமந்த பெண்மணி இப்போது அபூர்வம். கத்தரியால் வெட்டுகிறார்கள், அல்லது இரண்டு பேர் இரு முனையைப் பிடித்து இயந்திரத்தைச் செடியின் தலைமேல் இழுத்துக்கொண்டு போகிறார்கள்.

தொழிற்சாலையில் பார்த்தவர்கள் சொல்லுங்கள், நம்மில் எத்தனை பேர் இன்றுதான் தேயிலைச் செடியை முதல்முறை தொட்டோம்? தே தாரிக் ஆற்றியே மூன்று தலைமுறையைக் கரையேற்றிய கூட்டம் நாம். உணவகம் வைத்திருக்கும் நம் மச்சான் ஒருவர், அது வெட்டாமல் விட்டால் மரமாகிவிடும் என்று கேட்டு நம்பவே இல்லை. சுமார் ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து வாடி, உருண்டு, நிறம் மாறி, காய்ந்து ஒரு கிலோ தூளாகிறது. சலிக்கும்போது அடியில் விழும் நைசான தூளில்தான் நம் கடைச் சாயம் இறங்குகிறது. அது மட்டமான சரக்கு என்று யாராவது சொன்னால் நம் மச்சானிடம் சொல்லாதீர்கள்.

லயத்துக்கு வருகிறோம். பழைய வரிசை வீடுகளில் பாதி காலி. ஒரு கோடி வீட்டு வாசலில் நன்னி வயதுப் பாட்டி ஒருவர் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். தலைமுக்காட்டைப் பார்த்ததும், "வாங்கக்கா, உக்காருங்க" என்றார். தோட்டத்திலேயே பிறந்து, கொழுந்தெடுத்து, ஓய்வு பெற்றவர். நன்னி சுற்றி வளைக்கவில்லை.

"தங்கச்சி, ஒங்க சின்ன வயசுல துணி விக்கிற பாய் யாரும் இங்க வருவாங்களா?"

"வராம? சம்பளம் போட்ட மறுநா வந்துருவாரு துணிக்காரப் பாய். ரெண்டு மூட்டை, ஒரு குடை. இந்தா, இந்தப் படியிலதான் உக்காருவாரு."

அந்தப் பாட்டி பேசப் பேச எங்களில் ஒருவர் கைப்பேசியில் பதிவு செய்தார். அவசரகாலத்தில் கடையில் டப்பா வாங்கினால் காட்டிலிருப்பவர்களுக்குப் போய்விடக்கூடாது என்று ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார்களாம். அரிசிக்கு அளவாம். அந்தக் கெடுபிடியிலும் துணிக்காரப் பாய் அடையாளக் கார்டைக் காட்டிக் காட்டி நடந்து வருவாராம். ஊரிலிருந்து வந்த கடிதங்களை லயத்துக்காரர்களுக்குப் படித்துக் காட்டுவாராம், பதில் எழுதுவாராம். அதற்குக் காசு வாங்கமாட்டாராம். "ஆனா படிச்சு முடிச்ச கையோட ஒரு சேலைய விரிச்சுருவாரு. எப்படி வேணாம்னு சொல்றது?" என்று சிரித்தார். நன்னியும் சிரித்தார். நல்ல வியாபாரி.

பிறகு ஒரு மாதம் அவர் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. ஊருக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டார்களாம். "எங்கம்மா அவருக்குத் தரவேண்டிய காச முந்தானையில முடிஞ்சு வச்சிருந்துச்சு. ரெண்டு மாசம் பாத்துட்டு அரிசி வாங்கிருச்சு" என்றார்.

"அவர் பேரு என்ன?" என்று நாங்கள் அவசரப்பட்டுக் கேட்டோம்.

"பாய்தான். பேரு யாரு கேட்டா?"

அப்போதுதான் நன்னி கைப்பையிலிருந்து அந்தக் கணக்கு நோட்டை எடுத்தார். பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்தார். தொட்டால் உதிரும் தாள். கட்டையான பேனா எழுத்து. நாங்கள் குனிந்து படித்தோம். 'மூணாம் லயம் கோடி வீடு, 4 வெள்ளி 50 சென்.' 'தண்டல் வீட்டுப் பக்கத்து வீடு, 2 வெள்ளி.' 'சேப்புச் சேலை, புள்ளைக்காரி, 6 வெள்ளி, பாதி வந்தது.' நாற்பது பக்கத்திலும் ஒரு பெயர் கிடையாது. எந்தத் தோட்டம் என்றும் எழுதவில்லை. அவருக்கு எழுதவேண்டிய தேவை இல்லை, நடந்த காலுக்குத் தெரியும்.

அந்தப் பாட்டி சொன்ன பாய் நன்னியின் அத்தாதானா? எங்களால் சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் மலையில் துணி விற்றவர்கள் பலர் இருந்திருப்பார்கள். நன்னியிடம் தயங்கித் தயங்கி இதைச் சொன்னோம். "தெரியும் தம்பி" என்றார். "தெரிஞ்சுதான் கேட்டுக்கிட்டிருந்தேன்." புறப்படும்போது அந்தப் பாட்டி ஒரு பை நிறையச் சௌச்சௌ காய் கொடுத்தார். அம்மா வைத்த பாக்கிக்கு என்றார். விளையாட்டாகச் சொன்னாரா உண்மையாகச் சொன்னாரா என்று எங்களுக்கு விளங்கவில்லை. நன்னி வாங்கிக்கொண்டார். அந்தக் காய்தான் இன்று இரவுக் குழம்பில் நீங்கள் சாப்பிட்டது.

கடைசியாக நம் வீட்டுக் குற்றம் ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். பொன்விழா மலருக்காகச் சங்கத்தின் முதல் கூட்டக் குறிப்பேட்டைப் புரட்டினோம். அதில் ஒரு வரி இருக்கிறது: 'மலைத்தோட்டங்களிலிருந்து வியாபாரிகள் பத்துப் பேர் வந்திருந்து ஆளுக்கு ஐந்து வெள்ளி நன்கொடை அளித்தனர்.' அந்தப் பத்துப் பேர் யார்? தலைவர், செயலாளர், பொருளாளர் பெயரெல்லாம் முத்து முத்தாக எழுதியிருக்கிறது. பத்துப் பேர் என்று மட்டும் இவர்களுக்கு. கையில் பேனா இருந்தது, ஆளும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். கேட்டு எழுதவில்லை. ஸ்மோக்ஹவுஸ் கட்டிய வருடம் தெரிகிறது, தாம்சன் நடந்துபோன கிழமைகூடத் தெரிகிறது. நம் முதல் நூறு வெள்ளியில் பாதியைக் கொடுத்தவர்களை நமக்குத் தெரியவில்லை.

ஆகவே செயலவையின் அனுமதியோடு மலரில் எட்டுப் பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். கேமரன் மலையிலும் தாப்பாவிலும் தோட்டப்பக்கம் கடை வைத்தவர்கள், மூட்டை சுமந்தவர்கள், ரொட்டி விற்றவர்கள் உங்கள் குடும்பத்தில் யாராவது இருந்தால் பெயர், ஊர், தெரிந்த வருடம் எழுதிக் கொடுங்கள். படம் இருந்தால் கொடுங்கள், நகல் எடுத்துத் திருப்பித் தருகிறோம். பழைய பற்று நோட்டு, கப்பல் சீட்டு, மணியார்டர் ரசீது எதுவானாலும் சரி. பெயர் தெரியாமல் உறவு மட்டும் தெரிந்தால் அதையும் எழுதுங்கள், 'இன்னாரின் நன்னா' என்றே போடுகிறோம். நன்னியின் நோட்டிலிருந்து நான்கு பக்கத்தைப் படமாகப் போட அவர் சம்மதித்துவிட்டார். அவருடைய அத்தாவின் பெயரை அவரே தம் கையால் எழுதித் தந்திருக்கிறார். அது அந்தப் பக்கங்களின் தலையில் வரும்.

இன்றிரவே எழுதித் தர விரும்புகிறவர்களுக்கு வாசல் மேசையில் தாளும் பேனாவும் இருக்கின்றன.

நாளைக் காலை எட்டு மணிக்குப் பஸ் புறப்படும். மூட்டை முடிச்சுகளை ஏழரைக்கே இறக்கிவிடுங்கள். சிம்பாங் பூலாய் வழியாகத்தான் போகிறோம். தாய்மார்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

வஸ்ஸலாம்.